லாபம், இரண்டு, மூன்று

எங்கள் எருத்தேன்பதியில் கடல் கிடையாது. இருக்கிற ஆறும் வருடத்தில் பாதி நாள் மணல்தான். அந்த ஊரில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். கடற்படையில் சாதாரண ஆளாகச் சேர்ந்து, அதிகாரியாக உயர்ந்து, ஒரு பதக்கமும் வாங்கிக்கொண்டு திரும்பி, அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் மனைவியோடு குடியிருந்தார். குழந்தைகள் இல்லை. ஊரில் அவர் பேர் வாங்கியது என்னவோ வேறொரு பழக்கத்தால். அவர் ஆட்களை எண்ணுவார்.

வேன் ஏறினால் எண்ணுவார். பந்தியில் உட்கார்ந்தால் எண்ணுவார். ஆற்றில் குளிக்க இறங்கியவர்களை எண்ணி, கரை ஏறும்போது மறுபடியும் எண்ணுவார். அதுவும் பார்த்து எண்ணமாட்டார். ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத்தான் எண்ணுவார். பெண்கள் என்றால் அவர்கள் உட்கார்ந்திருக்கும் சீட்டின் கம்பியைத் தட்டுவார். "கண்ணு பொய் சொல்லுமுங்க. கையி சொல்லாது" என்பார். கடைசி ஆளைத் தொட்டதும் அந்த வலக்கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய், சட்டையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அது அப்படி ஏன் பின்னால் போகிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

மனிதர்களை எண்ணக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பெற்ற பிள்ளைகளையே எண்ணிச் சொல்லமாட்டோம், கண் பட்டுவிடும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பங்காளிகள் எல்லோரும் பழனிக்கு வேனில் புறப்பட்டோம். இவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தோள் தோளாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்ததும் என் பெரியம்மா சத்தம் போட்டார்.

"ஏனுங்க, நாங்க என்ன ஆட்டு மந்தையுங்களா? சாமி கும்புடப் போற நேரத்துல மனுசர எண்ணிக்கிட்டு! கண்ணு பட்டா ஆரு கேக்கறது?"

"படட்டுமுங்க. கண்ணு பட்டவங்களுக்குச் சுத்திப் போடலாம். உட்டுப்போனவங்களுக்கு என்னத்தச் சுத்துவீங்க?"

"வாயப் பாரு! அப்பக் களத்துல நெல்லளக்கறாப்புல லாபம்னு ஆரம்பிங்க. அதுக்கு மேல எண்ணிக்கங்க."

களத்தில் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்று சொல்லிப் போட்டுவிட்டு, இரண்டாவது படியிலிருந்துதான் எண்ணுவார்கள்.  கப்பல்காரர் அதிகாரி தோரணையில் விறைப்பாக நின்று, "உத்தரவுங்க" என்றார். வேனே சிரித்தது. அன்றிலிருந்து சாகும்வரை அவர் கணக்கு அப்படித்தான். லாபம், ரெண்டு, மூணு. "இன்னைக்கு நாந்தான் லாபம்" என்று படிக்குப் பக்கத்துச் சீட்டுக்குப் பிள்ளைகள் நாங்கள் அடித்துக்கொள்வோம்.

எல்லோரையும் எண்ணி முடித்து அவர் ஏறி உட்கார்ந்ததும் இன்னொன்றும் நடக்கும். பக்கத்தில் இருக்கும் அவர் மனைவி, அவரைத் திரும்பியும் பார்க்காமல், முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி "லாபம்" என்பார். அவ்வளவுதான். ஒருமுறை பெரியம்மா அதைக் கண்டுபிடித்துக் கேலி செய்தபோது அந்த அம்மா சொன்னார்: "அவரு ஊரையே எண்ணுவாருங்க. அவரை எண்றதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா?"

பதக்கத்தை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. அது மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே ஒரு ஆணியில், ஃபியூஸ் கம்பிச் சுருளோடு தொங்கியது. "காட்டுங்க மாமா" என்று கேட்டால், "கரண்டு வரட்டும், அப்பத்தான் அந்தக் கதவத் தெறப்பேன்" என்பார். கரண்டு வந்தால் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்துக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பதக்கத்தைக் குத்திக்கொண்டு வருவார் என்று தலைமையாசிரியர் எதிர்பார்த்தார். அவர் வெறும் வெள்ளைச் சட்டையில் வந்தார். கொடி ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரிசையாக நடந்து, எல்லாப் பிள்ளைகளின் தோளையும் தொட்டார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று டீச்சர்களுக்கு நெகிழ்ச்சி. அதற்குப் பிறகு நான் வரிசையிலிருந்து நழுவிக் கக்கூஸுக்குப் போனேன். உள்ளே போட்ட தாழ்ப்பாள் துருப்பிடித்து மாட்டிக்கொண்டது. நான் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருந்தார்.

மேடையில் நடந்ததைத் தோழிகள் பிறகு சொன்னார்கள். கொடி ஏற்றியதும் அவர் மறுபடியும் வரிசை வரிசையாகத் தொட்டுவிட்டுத்தான் மேடை ஏறினாராம். "எரியும் கப்பலுக்குள் இறங்கிப் பதினோரு உயிர்களைக் காத்த வீரர்" என்று சொல்லி மைக்கை அவர் கையில் கொடுத்திருக்கிறார் தலைமையாசிரியர். அவர் மைக்கில், "ஆறாவதுல ஒரு புள்ள கொறையுதுங்க" என்றாராம்.

"தண்ணி குடிக்கப் போயிருக்குமுங்க. நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க."

"போனா வரோணுமில்லீங்களா?"

மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். கக்கூஸ் கதவைக் கல்லால் இடித்துத் திறந்தது அவர்தான். நான் அழுதுகொண்டே நின்றேன்.

"பயந்துட்டயா அம்மிணி?"

"இல்லீங்க."

"செரி. வா, முப்பத்தி நாலு."

எங்கள் வகுப்பில் முப்பத்து நாலு பேர். அன்றிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதும், "முப்பத்தி நாலுக்குக் கல்யாணமாமா!" என்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகள். ஒரே மகள். சரக்குக் கப்பலில் பயிற்சிப் பொறியாளராக இருக்கிறாள். கடலைச் சினிமாவில் பார்த்த ஊரில் பிறந்துவிட்டு அவளுக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நான் கிருஷிபவன் என்கிற வேளாண் அலுவலகத்தில் கிளார்க். தென்னைக்கு மானியம் எழுதுகிறவள். அவளைத் தடுக்க என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் கப்பல்காரர் எனக்குச் சொன்ன கதை. பயமுறுத்தி நிறுத்திவிடலாம் என்றுதான் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டுப் பெட்டி கட்டினாள்.

அந்தக் கதையை நான் கேட்டது வண்டிப்பெரியாரில். நான் சித்தூர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். உறவில் ஒரு கல்யாணத்துக்காக இருபது பேர் வேனில் போயிருந்தோம். டீ குடிக்க இறங்கியபோது மத்தியானம் மூன்று மணி. மலையிலிருந்து மூடுபனி இறங்கி எதிர்க்கடைப் பலகை மறைந்துவிட்டது. அவருக்குப் பனி பிடிக்காது. முகம் மாறிவிட்டது. "ஏறுங்க, ஏறுங்க" என்று எல்லோரையும் வேனில் அடைத்து எண்ணினார். இறங்கி, மறுபடியும் ஏறி எண்ணினார். மூன்றாவது முறை ஆரம்பித்தபோது டீக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், ஆளுகள இத்தன தடவ எண்ணுதீக? இங்கன எவனாச்சும் வெல கேட்டானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படித்த திமிர் வேறு.

"மாமா, பத்தொம்பதுன்னு சொல்றீங்க. உங்களைச் சேத்தா இருவதுங்க. எப்பவுமே ஒண்ணு உட்டுட்டுத்தான் எண்றீங்க."

அவர் திரும்பினார். நான் பார்த்த ஒரே கோபம் அது.

"எண்றவன் தன்னைய எண்ணக்கூடாது! ஆரு சொன்னாலும் எண்ணக்கூடாது!"

 அவர் இறங்கிப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி என் கையைத் தொட்டு, "நீயே போய்க் கூட்டிட்டு வா கண்ணு" என்றார். நான் போய் நின்றேன்.  அவர் பக்கத்து இடத்தைக் காட்டினார்.

"எஞ்சின் ரூம்ல தீ. அப்ப நான் சின்ன ஆபீசரு. கீள பன்னண்டு பேருன்னாங்க. எறங்குனேன். புகையில ஒண்ணுந் தெரியாது. கையில ஆம்பட்டவன எல்லாம் ஏணில ஏத்தி உட்டேன். கடைசியா நானும் ஏறுனேன். மேலயும் ஒரே புகை. எல்லாரும் வந்தாச்சான்னு கத்துறாங்க. கதவ அடைச்சு உள்ள வாயு உடோணும். உட்டாத் தீ அணையும். உள்ள மனுசன் இருந்தா அவனும் அணைவான். அதனால எண்ணிச் சொல்லோணும். தொட்டுத் தொட்டு எண்ணுனேன். ஒம்பது, பத்து, பதினொண்ணு."

 அவருடைய வலக்கை அவர் நெஞ்சுக்கு வந்தது.

"பன்னண்டுன்னேன். கதவ அடைச்சாங்க."

டீ ஆறிப்போனது. அவர் அதைத் தொடவில்லை.

"பதினோரு பேரக் காப்பாத்துனதுக்குப் பதக்கங் குடுத்தாங்க. அந்தப் பன்னண்டாவது ஆளு பாலைவனத்துப் பக்கம். அவனூரும் நம்மூராட்டத்தான், கடலே கெடையாது. நான் எளுதிக் குடுத்தேன், என் எண்ணிக்கை தப்புன்னு. புகையில ஆருக்கும் ஆவறதுதான்னுட்டாங்க."

"மாமா, அது நெசமாலுமே ஆருக்கும்…"

"கேளு, முப்பத்தி நாலு. எண்றவன் தன்னைய உட்டுட்டா ஒண்ணு கொறையும். கொறைஞ்சாத் தேடுவாங்க. தேடிட்டு, அட, நம்மதான்னு சிரிச்சுட்டுப் போயிரலாம். சேத்துட்டான்னா வெய்யி, கணக்குச் சரியாப் போயிரும். சரியாப் போயிட்டா அப்பறம் ஆரும் தேடமாட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்துவந்து வேனில் உட்கார்ந்தார். அவர் மனைவி முழங்காலைத் தட்டினார்.

சில வருடம் கழித்து, என் மகள் பிறக்கும் முன்பே, ஒரு சாயங்காலம் மோட்டார் போடப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். மறுநாள் எடுக்கும்போது நானும் இருந்தேன். பாடையைத் தூக்குவதற்கு முன் அந்த அம்மா குனிந்து அவர் முழங்காலை ஒருமுறை தட்டினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

மயானத்துக் காரியம் முடிந்து ஆற்றில் குளித்துவிட்டு ஆண்கள் டெம்போவில் திரும்பினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, அந்த அம்மாவின் தம்பி ஈர வேட்டியோடு தனியாக நடந்து வந்து வாசலில் நின்றார். அவரை ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஏண்டா, இத்தன பேரு இருக்கறீங்களே, ஒருத்தனுக்காச்சும் எண்ணத் தெரியாதாடா?" என்று கத்தினார்.

 எழவு வீட்டில் யாரோ சிரித்தார்கள். கடைசியில் அந்த அம்மாவும் சிரித்தார், அழுகைக்கு நடுவில். ஊர் கப்பல்காரரை அன்றுதான் முழுதாக ஒப்புக்கொண்டது என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் காலை பத்தரை மணிக்கு, அலுவலகத்தில் தென்னங்கன்று விண்ணப்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கப்பல் கம்பெனி, பணியாளர் குடும்பங்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறது. அதில் ஒரு செய்தி வந்தது. என் மகளின் கப்பலில் எஞ்சின் அறையில் தீ. வாயு செலுத்தி அணைக்கப்பட்டுவிட்டது. கப்பலில் இருந்த இருபத்திரண்டு பேரும் பத்திரம். கவலை வேண்டாம்.

குழுவில் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. பக்கத்து மேசை அக்கா என் தோளைப் பிடித்து, "தெய்வம் காத்தது" என்றார். எனக்கு மட்டும் அந்த எண் போதவில்லை. பொங்கலன்று மகள் கப்பலிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். மேல்தளத்தில் எல்லோரும் கூட்டமாக நிற்கும் படம். அதைத் திறந்தேன். விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு தலையாகத் தொட்டேன். இருபத்திரண்டு. மறுபடியும் தொட்டேன். இருபத்திரண்டு.

என் மகள் அந்தப் படத்தில் இல்லை. படம் எடுத்தவள் அவள். முன்வரிசை ஆட்களின் காலடியில், இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி அவள் நிழல் மட்டும் விழுந்திருந்தது.

கம்பெனி அலுவலகம் கொச்சியில். போனை எடுத்தவர் நல்ல மனிதர்தான். "சேச்சீ, பேடிக்கண்டா. எல்லாரும் சேஃபாணு" என்று, பயப்பட வேண்டாமென்று மலையாளத்தில் சொன்னார்.

"எத்தனை பேருங்க?"

"இருபத்திரெண்டு."

"என் மகளைச் சேர்த்தா? சேர்க்காமலா? பயிற்சிக்கு வந்தவங்களையும் அந்தக் கணக்குல எடுப்பீங்களா? யாரு எண்ணினது? எண்ணினவர் தன்னையும் சேர்த்து எண்ணினாரா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "கம்பெனிக்காரனே சரின்னு சொல்றானே, நீ எதுக்குப் போட்டு ஒளப்பிக்கற?" என்றார். கணக்கு சரியாக இருப்பதுதான் எனக்குப் பயம் என்று அவருக்கு எப்படி விளக்குவது? மறுபடியும் கொச்சிக்குப் போட்டேன். "எண்ணிக்கை வேண்டாமுங்க. பேரைப் படிங்க" என்றேன். படித்தார். பதினேழாவதாக அவள் பெயர் வந்தது. மூச்சு வந்தது. உடனே போயும்விட்டது. அது கப்பலேறியவர்களின் பட்டியல். தீக்குப் பிறகு மேலே வந்தவர்களின் பட்டியல் இல்லையே. "ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா, பேர் சொல்லி. நான் போனை வைக்கமாட்டேன்."

வைத்துவிட்டேன். அவர்தான் வைக்கச் சொன்னார், கப்பலைக் கூப்பிட வேண்டுமென்று. அதற்குப் பிறகு ஐம்பது நிமிடம். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியமில்லை. விண்ணப்பங்களை அகர வரிசையில் அடுக்கினேன் என்று ஞாபகம்.

பிறகு அவளே கூப்பிட்டாள்.

"ஏம்மா, உங்களாலதானா? கேப்டன் எல்லாரையும் மறுக்கா டெக்குக்கு வரச் சொல்லி, அட்டெண்டன்ஸ் எடுத்தாரு. உங்கம்மா டீச்சரான்னு கேக்கறாங்க."

 படத்தைப் பற்றிக் கேட்டேன். படத்திலிருந்த சமையல்காரர் போன துறைமுகத்தில் இறங்கி ஊருக்குப் போய்விட்டாராம். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லையாம். இப்போது இருபத்திரண்டுதான். அவளைச் சேர்த்து இருபத்திரண்டு.

"அம்மா." குரலைத் தணித்தாள். "மொதல்ல எண்ணுனப்ப இருவத்தி ஒண்ணுதான் வந்துச்சு. வாயு உடாம நிறுத்தி வெச்சுட்டு, ரெண்டு பேரு மாஸ்க் போட்டுட்டுத் தேடப் போயிட்டாங்க. அப்பறந்தான் தெரிஞ்சுது, எண்ணுனவரு தன்னைய எண்ணல."

"அப்பறம்?"

"அப்பறமென்ன, போனவங்களைக் கூப்புட்டு, அவரைத் திட்டிட்டு, மறுக்கா எண்ணினோம். நான் மட்டும் அவரைத் திட்டலைங்கம்மா."

இப்போது அவள் விடுப்பில் வந்திருக்கிறாள். அடுத்த மாதம் வேறு கப்பலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. "நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேன்" என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பத்து நாளாகப் பதில் சொல்லவில்லை. போன் அதிர்ந்தால் இன்னும் முதலில் அந்தக் குழுவைத்தான் திறக்கிறேன். சரி என்று எந்த வாயால் சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் குடும்பமாகப் பழனிக்கு வேன் பேசியிருந்தோம். எல்லோரும் ஏறியாகிவிட்டது. மகள் மட்டும் படியில் ஒரு காலை வைத்து நின்றாள். கப்பல்காரரை அவள் பார்த்ததே இல்லை.

"லாபம்" என்று சொல்லி முதல் தோளைத் தொட்டாள். "ரெண்டு. மூணு."

"ஏ புள்ள, மனுசர எண்ணாத, கண்ணு படும்" என்றார் என் நாத்தனார்.

"லாபம்னு ஆரம்பிச்சாப் படாதுங்கத்தை. நாலு. அஞ்சு."

கடைசிச் சீட்டு வரை போனாள். "பதினாலு." கை அவள் நெஞ்சுப் பக்கம் பாதி வந்தது. அப்படியே திரும்பி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பதினாலுங்கம்மா. சரிங்களா?" என்றாள். கேட்டது வேன் கணக்கை மட்டுமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"லாபம்" என்றேன். "வண்டிய எடுக்கச் சொல்லு."